மட்டும், தவிர, நொய்டா

மே 14, செவ்வாய்
காலையிலிருந்தே அனல் காற்று. கூலருக்குத் தண்ணீர் ஊற்றியது நான். சரோஜினி நகரில் காய் வாங்கி வந்தது நான். மாலை கொரிய மொழி வகுப்பு. ‘மன்’ என்றால் மட்டும். ‘பக்கே’ என்றால் தவிர. அது வந்தால் வாக்கியம் ‘இல்லை’ என்றுதான் முடியும். வீட்டுப்பாடம்: பத்து வாக்கியம். ஞாயிறு வாய்மொழித் தேர்வு. தேறினால் நொய்டாவில் ஒரு கொரியக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர் வேலை. வேண்டும். எப்படியும் வேண்டும்.

மே 16, வியாழன்
எழுதிக்கொண்டு போனவை: என் கணவர் டி.வி. மட்டும் பார்ப்பார். மகன் பாபு கிரிக்கெட்டைத் தவிர எதுவும் பேசமாட்டான். பால் வாங்க என்னைத் தவிர யாரும் எழுந்திருப்பதில்லை.

கொரிய டீச்சர் உரக்கப் படித்தார். வகுப்பே சிரிப்பு. இலக்கணம் சரியாம். பிறகு தன் அரைகுறை இந்தியில் கேட்டார்: “அச்சா, இதில் நீ எங்கே? உனக்காக மட்டும் செய்வது ஒன்று எழுது.” பேனா நகரவில்லை. கடைசியில் ‘வகுப்புக்கு வருகிறேன்’. நாற்பது வயதுக்கு ஒரே வாக்கியம். எரிச்சல்.

‘நொபக்கே ஒப்ஸொ’: உன்னை விட்டால் யாருமில்லை. கொரியாவில் காதலர்கள் சொல்வதாம். எங்கள் வீட்டில் சிலிண்டர் தீர்ந்தால் சொல்வார்கள்.

மே 18, சனி
நாத்தனார் குடும்பம் நாளைக் காலை ரயிலில். ஆறு பேர். இவருக்குப் போன வாரமே தெரியும். இன்று சொல்கிறார்.

“நாளைக்கு எனக்குப் பரீட்சை.”

“அடுத்த தடவை எழுதேன். சமையலுக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?”

“அடுத்த தடவை நொய்டாக்காரன் கூப்பிடமாட்டான்.”

“வயசான காலத்துல கொரியா என்னத்துக்கு?” என்றபடி ரிமோட்டைத் தேடினார். இவருக்கு மட்டும் பதினாறு வயது போலிருக்கிறது.

மே 19, ஞாயிறு
விடியுமுன் இட்லி, சாம்பார், சட்னி. மூடி வைத்துவிட்டு பஸ் ஏறினேன். இவர் ஸ்டேஷனுக்குப் போயாயிற்று. பாபு தூக்கம்.

தேர்வில் முதலில் நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்புறம் நான் நிறுத்தவேயில்லை. கம்பெனியிலிருந்து வந்திருந்த கொரியக்காரர் அங்கேயே சொல்லிவிட்டார், நாளைக்கே வேலைக்கு வா, காலையில் வேன் அனுப்புகிறேன் என்று. படி இறங்கும்போது அழுகை வந்தது. சந்தோஷம்தான்.

வீட்டில் பாத்திரம் மலைபோல.

நாத்தனார்: “எங்க மைனி போயிட்டீக? சட்னி பத்தல.”

இவர்: “மத்தியானத்துக்கு என்ன?”

பரீட்சை என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்து எல்லோரும் டி.வி. முன்னால். நானாகச் சொல்வதாக இல்லை. நாளை வாசலில் வேன் வந்து ஹார்ன் அடிக்கும்போது தெரிந்துகொள்ளட்டும்.