உள்ளங்கால் மச்சம்

கொட்டாஞ்சேனை,
ஆனி 1938

அன்புள்ள மங்கையர்க்கரசிக்கு,

நீரும் பிள்ளையும் சுகமென்று நம்பி எழுதுகிறேன். நானும் சுகம், கால் ஒன்றைத் தவிர.

என் உள்ளங்காலில் புதிதாய் வந்த கறுப்பு மச்சத்தைப் பயணயோகம் என்று சாத்திரியார் சொல்ல, எல்லோரும் சந்தோஷப்பட்டோமல்லவா? அது தோலில் வரும் புற்றுநோயாம். அபூர்வமானதாம், கெதியாய்ப் பரவுமாம். போன கிழமை வெட்டி எடுத்தார்கள். "திரும்பி வந்தால் காலையே எடுக்கவேணும்" என்றார் டொக்டர். "எடுங்கோ" என்றேன். நீர் சாத்திரியாரோடு சண்டை பிடிக்காதையும். நான் வந்து பிடிக்கிறேன்.

தலையணைக்கு விரிக்க உம்முடைய பழைய சேலை ஒன்று அனுப்பும். தோய்க்கவேண்டாம்.

தபாலுக்கு நேரமாகிறது. நல்லூர்த் திருவிழாவில் பிரதட்டை செய்வதாக வைத்த நேர்த்தியை விடமாட்டேன். கோயில் வீதியில் உருளுகிறவனுக்குக் கால் எதற்கு?

உமது,
இராசநாயகம்