சட்டைப்பையில் கொஞ்சம் பஞ்சு

மாமா,

இன்று காலை காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழையும்போது உங்கள் மகள் வாசற்படியில் நின்று கையை நீட்டினாள். நானும் பழக்கப்படி சட்டைப்பையைக் காலி செய்தேன். கண்ணாடிக் கூடு, பேனா, கடைசியாக இரண்டு துண்டு பஞ்சு. மற்றதை மேசையில் வைத்தவள், பஞ்சை மட்டும் உள்ளங்கையில் உருட்டித் திரும்ப என் பையிலேயே போட்டாள். "எங்கப்பா மட்டும் இருந்திருந்தா..." என்று தொடங்கி, முடிக்காமல் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அவள் முடிக்காமல் விட்டதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உங்களைப் பற்றி எழுத அவளுக்குத்தான் உரிமை. கேட்டால், "நீங்கதான வாத்தியாரு, நீங்களே எழுதுங்க" என்கிறாள். சரியாக வருமா என்று தெரியவில்லை.

திருத்தங்கலில் உங்கள் வீட்டு வாசலில் ஒரு மண்சட்டி இருக்கும். வருகிறவர் யாரானாலும் தீப்பெட்டி, பீடி, சுருட்டு எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பட்டாசுத் தொழிற்சாலையை உங்கள் ஊரில் ஆபீஸ் என்பார்கள். அந்தப் பட்டாசு ஆபீஸ் கேட்டில் ஆட்களைச் சோதனை போடும் வேலையில் சேர்ந்து, போர்மேன் ஆனவர் நீங்கள். வீட்டில் ஒரு பொட்டு வெடிமருந்து கிடையாது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மகளையும் பாவாடை மடியை உதறச் சொல்வீர்களாம். ஒருமுறை மடியிலிருந்து புளியங்கொட்டைகள் உதிர்ந்தனவாம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, "இது வெடிக்காது, வச்சுக்கோ தாயி" என்று திருப்பிக் கொடுத்தீர்களாம். இதைச் சொல்லும்போதெல்லாம் அவள் சிரிப்பாள். 

ஐம்பதுகளின் கடைசியில், பெண் பார்க்க விருதுநகரிலிருந்து ரயிலேறி வந்தோம். என் பெரியப்பாவின் சுருட்டை நீங்கள் சட்டியில் போடச் சொன்னதும் அவருக்கு முகம் மாறியது. "பொண்ணு பாக்க வந்தமா, ஜெயிலுக்கு வந்தமாய்யா?" என்றார்.

"போகும்போது தந்துருவோம்யா. ஒண்ணும் குறையாது" என்றீர்கள், அடங்கிய குரலில்.

என்னை யாரும் கேட்கவில்லை. ஆனால் சட்டம் என்று ஒன்று இருந்தால் அதன்படி நடக்காமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. என் பையிலிருந்ததை நானே எடுத்து ஒரு தட்டில் வரிசையாக வைத்தேன். அப்போதும் அந்தப் பஞ்சு இருந்தது. எனக்குப் பெரிய சத்தம் ஆகாது. காரணம் சொல்ல எந்தச் சம்பவமும் கிடையாது, பிறந்ததிலிருந்தே அப்படி. கோயில் பொங்கலுக்கு வேட்டுப் போட்டாலும், ரயில் ஊதினாலும் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். இருபத்தைந்து வயது ஆண்பிள்ளை இதை யாரிடம் சொல்வது?

நீங்கள் பஞ்சைப் பார்த்தீர்கள். "காதுவலியா தம்பி?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டீர்கள்.

"இல்லைங்க."

நீங்கள் பஞ்சை உருட்டி என் பையிலேயே போட்டுவிட்டு, "காபி ஆறிரும், குடிங்க" என்றீர்கள்.

கல்யாணம் நிச்சயமான பிறகு எனக்கு இருந்த ஒரே பயம் ஊர்வலம்தான். பட்டாசு ஆபீஸ் போர்மேன் வீட்டுக் கல்யாணம். ஒரே மகள் வேறு. அவள் கல்யாணத்துக்குத் தெருவே நின்று பார்க்கும்படி வேட்டுப் போடுவதாக, அவள் சிறுபிள்ளையாக இருந்த நாளிலிருந்தே ஆபீஸ் முழுக்க நீங்கள் சொல்லி வைத்திருந்தீர்கள் என்று ஊரில் பேச்சு. மாலையும் கழுத்துமாகக் காரில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை காதைப் பொத்த முடியுமா? மயங்கி விழுந்துவிடுவேனோ என்றுகூட நினைத்தேன்.

ஒரு வேட்டுகூடப் போடவில்லை. நாயனமும் தவிலும் மட்டும் முன்னால் போயின. பெரியப்பாவால் பொறுக்க முடியவில்லை. "என்ன சம்பந்தி, ஊருக்கெல்லாம் வெடி செஞ்சு அனுப்புறீக, பெத்த மகளுக்கு ஒரு ஓலைவெடி கூடவா இல்ல?" என்று நடுத்தெருவில் கேட்டார்.

உங்கள் ஆபீஸ் ஆட்களில் ஒருவர், "அண்ணாச்சி கைய இறுக்கி மூடிட்டாருய்யா, இனி திறக்காது" என்றார். தெரு சிரித்தது.

நீங்களும் சிரித்தீர்கள். "நாளு பூராம் அந்தச் சத்தத்தையே கேட்டுக் காது அலுத்துப் போச்சுங்க. எம்மக கல்யாணத்துலயாவது நாயனம் காதுல விழட்டுமே."

அதை நான் நம்பினேன். பிறகுதான் ஒருநாள் உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து ஆபீஸ் கேட்டில் காத்து நின்றபோது கவனித்தேன். அங்கே சத்தமே கிடையாது. யாரும் கத்திப் பேசுவதில்லை, பெட்டியைத் தரையில் இழுப்பதில்லை. அங்கே சத்தம் கேட்டால், யாரோ வீடு திரும்பப் போவதில்லை என்று அர்த்தம். அலுத்துப்போகும் அளவுக்கு நீங்கள் எந்தச் சத்தத்தைக் கேட்டீர்கள்? எனக்காகத்தான் அப்படிச் சொன்னீர்களோ என்று தோன்றியது. அப்படி நினைப்பதே அகம்பாவம் என்று விட்டுவிட்டேன்.

தலை தீபாவளிக்கு வந்தபோது பொழுது சாயும் நேரத்தில் எங்கள் இருவரையும் ஊருக்கு வெளியே, ஆளில்லாத கரிசல் காட்டுக்கு அழைத்துப் போனீர்கள். கையில் ஒரு பெரிய புஸ்வாணம். முதலாளியிடம் சொல்லிவிட்டு ஆபீஸில் நீங்களே மருந்து கலந்து செலுத்தியது என்றீர்கள். ஊதுபத்தியை மகளிடம் கொடுத்தீர்கள். கல்யாணத்திலிருந்து உங்களிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவள், வாங்கிக்கொண்டாள்.

நான் பின்னாலேயே நின்று இரண்டு காதிலும் பஞ்சை வைத்துக்கொண்டேன்.

"மாப்ள, இது பேசாது. எரியும், அம்புட்டுதான். பஞ்ச எடுத்துட்டுக் கேளுங்க, மழ பெய்யிற மாதிரி இருக்கும்."

நான் ஒரு காதில் மட்டும் எடுத்தேன். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, "ஒரு காது போதும்" என்றீர்கள்.

அது பனை உயரத்துக்கு எழுந்தது. வெள்ளையும் பொன்னுமாகக் கொட்டியது. மழைதான். உங்கள் மகள் அதைப் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி நடக்கும்போது அவள் உங்கள் கையைப் பிடித்திருந்தாள்.

எங்கள் மூத்தவன் பள்ளியில் சேர்ந்த வருடம் காய்ச்சலில் படுத்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் வந்தார்கள். பாடைத் தேர் கட்டி முடித்ததும், கல்யாணத்தில் உங்களைக் கேலி செய்த அதே ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உங்கள் மகளிடம் வந்தார். "தாயி, அண்ணாச்சிய வேட்டுப் போட்டு அனுப்பணும்னு பயலுக பிரியப்படுறாக. அவருக்குத்தான் ஆகாதே. போடலாமா, வேண்டாமா?"

"அவருக்கு ஆகாதுன்னு யாரு சொன்னா?" என்றாள். பிறகு என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் வேட்டு ஏன் இல்லை என்று உங்களிடம் அழுது சண்டை போட்டாளாம். நீங்கள் சொன்னது ஒரே வாக்கியமாம். "அந்தப் புள்ள பையில பஞ்சு வச்சிருக்கு தாயி." என்னிடம் சொல்லக் கூடாது என்றும் சத்தியம் வாங்கியிருக்கிறீர்கள். நீங்கள் போன பிறகுதான் அந்தச் சத்தியத்தை மீறினாள்.

"வேண்டாம்னே சொல்லிரவா?" என்று கேட்டாள். "நீங்கதான கொள்ளிச்சட்டி தூக்கணும்."

"போடச் சொல்லு" என்றேன்.

அவள் என் சட்டைப்பையில் கைவிட்டுப் பஞ்சை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். நான் அதைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன்.

முதல் வேட்டுக்கு அப்படியே நின்றுவிட்டேன். அந்த ஆபீஸ்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்துக்குப் போட வேண்டியதையும் சேர்த்துப் போட்டார்கள் போல, தெருக்கோடி தாண்டியும் நிற்கவில்லை. நடுங்கிக்கொண்டேதான் நடந்தேன், சட்டியில் இருந்த கங்கு குலுங்கியது. பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். இன்றைக்கும் போகவில்லை, அதனால்தான் பையில் பஞ்சு இருக்கிறது.

ஆனால் அன்று சுடுகாடு வரை இரண்டு காதையும் திறந்து வைத்துக்கொண்டுதான் வந்தேன், மாமா. ஒன்றுவிடாமல் கேட்டேன்.