கலர் அடிக்காத பிரிண்டர்

திருச்சுழி
18-1-2025

அன்பு மகள் யுவராணிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை உதயகுமாரும் பேத்தி ஆதிரையும் அந்தக் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே மழை ஏமாற்றிவிட்டது. பருத்தி போட்டவர்கள் உரக்கடைப் பக்கம் வந்து பேசிவிட்டு மட்டும் போகிறார்கள். என் காது முன்பைவிட மோசம். போனில் நீ பேசுவது கொசு பறக்கிற மாதிரிதான் கேட்கிறது. உரக் கம்பெனிக்காரர்கள் ஆர்டர் போடக் கொடுத்த டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன். கோபிக்காமல் மெயிலிலேயே எழுது.

பொங்கலுக்கு நீ அனுப்பிய பார்சலை அம்மா திருப்பி அனுப்பிவிட்டாள். நான் கடையில் இல்லாத நேரமாகப் பார்த்து போஸ்ட்மேன் வந்திருக்கிறார். அதில் ஆதிரையின் படங்கள் இருந்தது நீ எழுதிய பிறகுதான் எனக்குத் தெரியும். டேப்லெட்டில் காட்டலாம் என்று பக்கத்தில் போனால் எழுந்து போய்விடுகிறாள். நான் பார்க்கும்போது அவள் பார்க்க மாட்டாள். அவள் சுபாவம் உனக்குத் தெரியாததா?

படம் காகிதத்தில் இருந்தால் கதை வேறு. அரிசிப் பானை பக்கத்தில் வைத்துவிட்டு நான் நகர்ந்துவிடுவேன். தனியாக இருக்கும்போது பார்க்காமல் இருக்க மாட்டாள். வாரம் ஒரு படம் வைத்தால், வைகாசியில் நீ குலசாமி கோயிலில் குழந்தைக்கு முடியிறக்க வருவதற்குள் மனசு இளகிவிடும். ஊரிலுள்ள ஸ்டூடியோ உன் மாமா மாரீஸ்வரனுடையது. அவனிடம் கொடுத்தால் படம் காய்வதற்குள் அம்மா காதுக்குப் போய்விடும். அதனால் வீட்டிலேயே ஒரு பிரிண்டர் வைக்கலாம் என்றிருக்கிறேன். டேப்லெட்டோடு ஒயர் இல்லாமல் சேருகிற மாதிரி எதை வாங்குவது என்று எழுது.

போன தடவை நீ வந்தபோது உன்னை வாசலோடு திருப்பி அனுப்பினாளே, அதை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

அன்புடன்,
அப்பா சங்கரபாண்டியன்


கார்க், அயர்லாந்து
20-1-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

யுவராணி வணக்கம். உங்கள் கடிதத்தை பஸ்ஸில் படித்தேன். அழுதேன், பிறகு சிரித்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் வீட்டுக்குள் பிரிண்டர் வைக்கப் போகிறீர்கள். ஒரு சில்வர் டம்ளர் இடம் மாறினாலே கண்டுபிடிக்கிறவள் அவள்.

நம் வீட்டில் வைஃபை பெட்டி கிடையாது. அதனால் பிரிண்டரும் டேப்லெட்டும் நடுவில் எதுவும் இல்லாமல் தாங்களே சேர்ந்துகொள்ள வேண்டும். கடைக்காரரிடம் இந்த வரியைக் காட்டுங்கள்: "ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலிருந்து வைஃபை டைரக்ட் மூலம் அடிக்க வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை." கடையிலேயே சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள் அப்பா. காது கேட்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு எல்லாரிடமும் தலையாட்டுகிறீர்கள்.

இரண்டு படங்களை, எழுத்து எதுவும் இல்லாமல், தனி மெயிலில் அனுப்பியிருக்கிறேன். முதலில் நான், அடுத்து ஆதிரை. என் முகத்தை முதலில் வைத்துப் பாருங்கள். கிழித்துப் போட்டால் என்னோடு போகட்டும், குழந்தை படத்தைக் கிழிக்க வேண்டாம்.

மார்ச் கடைசிக்குள் லீவு எழுதிக் கொடுத்து டிக்கெட் போட வேண்டும். அம்மா கதவைத் திறப்பாளா என்று தெரியாமல் பதினைந்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் வர எனக்கு பயமாக இருக்கிறது.

உங்கள்
யுவராணி


திருச்சுழி
9-2-2025

அன்பு மகளுக்கு,

அருப்புக்கோட்டை போய் பிரிண்டர் வாங்கிவிட்டேன். கடைக்காரர் தங்கமான மனிதர். எனக்காகக் கத்திக் கத்தியே தொண்டை கட்டிக்கொண்டார். நீ எழுதிய வரியைக் காட்டியதும் இரண்டை எடுத்து வைத்தார். இரண்டும் டேப்லெட்டோடு சேருமாம். ஒன்றில் தண்ணீர் மாதிரி மை. வாரம் ஒரு தடவையாவது அடிக்காவிட்டால் காய்ந்து அடைத்துக்கொள்ளும் என்று எழுதியே காட்டினார். இன்னொன்றில் பொடி. அது காயாது.

நம் ஊர் வெயிலுக்குக் கண்மாயே காய்கிறது, மை எந்த மூலைக்கு? யூரியா விற்கிறவனுக்குப் பொடியின் அருமை தெரியாதா? பொடி போட்டதையே வாங்கினேன்.

ஊரில் இறக்கியதிலிருந்துதான் சோதனை. கடையில் சேர்ந்த டேப்லெட் இங்கே சேர மாட்டேன் என்கிறது. கடைக்குப் பின்னால், வீட்டை ஒட்டியிருக்கிற குடோனில், மூட்டைகளுக்கு நடுவே ஒளித்து வைத்திருக்கிறேன். பிரிண்டரில் நீல விளக்கு மினுக்குகிறது, டேப்லெட்டில் வட்டம் சுற்றுகிறது, காகிதம் மட்டும் வருவதில்லை. காதும் கேட்காமல் இதுவும் புரியாமல் மூட்டை மேல் உட்கார்ந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "குடோனுக்குள்ள அப்பிடி என்னதான் செய்றீக?" என்று அம்மா கேட்டுவிட்டாள். எலி என்று சொல்லியிருக்கிறேன்.

அப்பா


கார்க்
10-2-2025

அப்பா,

டேப்லெட்டின் வைஃபை பட்டியலில் பிரிண்டரின் பெயர் வரும், அதைத் தொடுங்கள். பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் எண்ணைக் கேட்கும், அதைப் போடுங்கள். முதலில் ஒரு பக்கம் மட்டும் அடித்துப் பாருங்கள். ஒரு தடவை அழுத்தினால் போதும், பொறுமையாக இருங்கள்.

ஒரு சந்தேகம். பொடி போட்டது கலர் அடிக்குமா? கலர் வேண்டும் என்று எழுத எனக்கும் தோன்றவில்லை. உடனே பதில் போடுங்கள்.

யுவராணி


திருச்சுழி
14-2-2025

யுவராணி,

செவ்வாய்க்கிழமை நடந்ததை முழுக்க எழுதுகிறேன். அன்று வீடியோவில் நீ பார்த்தது கடைசி ஒரு நிமிஷம்தான்.

கலர் அடிக்குமா என்று நீ கேட்டதை நான் சரியாகப் படிக்கவில்லை. டேப்லெட்டில் கலராகத் தெரிகிறதே, அப்படியே வரும் என்று நினைத்துவிட்டேன். நீ சொன்னபடி பெயரைத் தொட்டேன், எண்ணைப் போட்டேன், உன் படங்கள் வந்த மெயிலைத் திறந்து முதல் பக்கத்தை மட்டும் அழுத்தினேன். வரவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினேன். அந்த நேரம் பார்த்து கரண்ட் போய்விட்டது. வாசலில் நரிக்குடிக்காரர் ஒருவர் வண்டியோடு நிற்கவும், டேப்லெட்டை பிரிண்டர் மேலேயே வைத்துவிட்டு வந்து கடையில் உட்கார்ந்தேன்.

கரண்ட் வந்ததும் பிரிண்டர் தானாக ஓட ஆரம்பித்திருக்கிறது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை, அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. எலிதான் என்று விளக்குமாற்றோடு போயிருக்கிறாள்.

மெயிலை அப்படியே அடித்ததால் மேலே கொட்டை எழுத்தில் 'யுவராணி உதயகுமார்' என்று உன் பெயர். அதற்குப் பக்கத்தில் தேதி. நடுவில் கறுப்பு வெள்ளையில் உன் முகம். நான் அழுத்திய தடவையெல்லாம் சேர்ந்து, ஒன்றன் மேல் ஒன்றாக அதே தாள் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. நம் ஊரில் அப்படி ஒரு தாளை எதற்கு அடிப்பார்கள், சொல். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் வாரத்துக்கு ஒன்று பார்க்கிறாளே.

அவள் அலறியிருக்கிறாள். நான் பத்தடி தள்ளி உட்கார்ந்து டி.ஏ.பி. உர மூட்டைக்கு பில் போட்டுக்கொண்டிருந்தேன். எதிரே நின்றவர் முகம் மாறுவதைப் பார்த்துத்தான் திரும்பினேன். தெருவே குடோனுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தாள்களை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு தரையில் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கேட்க வேண்டும் என்று காதுக்குள்ளேயே கத்தினாள். "எனக்குத் தெரியாம நோட்டீசு அடிச்சு வச்சிருக்கீகளே, எம்புள்ளைய எப்பக் கொண்டுபோயி எரிச்சீக? பெத்தவளுக்கு மூஞ்சியக் காட்டாம எரிச்சிட்டீகளே."

உன் கல்யாணத்தன்று, நீ செத்துவிட்டதாகச் சொல்லி ஊர் பார்க்கக் கிணற்றடியில் தலை முழுகியவள் அவள். அந்த வைராக்கியம் இவ்வளவுதான் என்று எனக்கு இந்தச் செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

இல்லை, உயிரோடு இருக்கிறாள் என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. உன்னைக் கூப்பிட்டால் நீ எடுக்கவில்லை. செய்தி போய் மாரீஸ்வரன் மாலையோடே வந்து நின்றான். அந்த ஒரு மணி நேரம் நான் பட்ட பாட்டை எழுத முடியாது. நீ கூப்பிட்டு, அம்மா உன் முகத்தைப் பார்த்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனதோடு சரி. இன்றுவரை என்னோடு ஒரு வார்த்தை இல்லை. சோறு வைக்கிறாள், போகிறாள். பிரிண்டரைச் சாக்கில் போட்டுக் கட்டிவிட்டாள்.

ஆதிரை படம் இன்னும் டேப்லெட்டுக்குள்ளேதான் இருக்கிறது. என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை மகளே.

அப்பா


கார்க்
15-3-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரு மாதமாக எழுத முடியவில்லை. வேலை செய்யும் இடத்துக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால்தான் அன்று எடுக்க முடியவில்லை. வெளியே வந்து திரும்பக் கூப்பிட்டதும் அம்மாவின் முகம். எத்தனை இளைத்துவிட்டாள். "அம்மா" என்று ஒரு தடவைதான் கூப்பிட்டேன், அதற்குள் போய்விட்டாள்.

அழுதாள் என்றதும் மனசு மாறிவிட்டது என்று நினைத்துவிட்டேன். தினமும் மெயிலைத் திறந்து பார்த்தேன், கூப்பிடுகிறாள் என்று ஒரு வரி வருமா என்று. வரவில்லை. செத்தால்தான் அழுவாள், உயிரோடு வந்தால் கதவைச் சாத்துவாள் என்றால் நான் என்ன செய்யட்டும் அப்பா?

உங்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் நீங்கள் எனக்கும் தலையாட்டுகிறீர்கள், அவளுக்கும் தலையாட்டுகிறீர்கள். இந்த ஒரு தடவை அவளிடம் நேராகக் கேளுங்கள். வரலாமா, வேண்டாமா? வேண்டாம் என்றால் முடியை இங்கேயே இறக்கிவிடுகிறேன். அப்புறம் அந்தப் பக்கம் வரவே மாட்டேன்.

யுவராணி


திருச்சுழி
22-3-2025

என் அன்பு மகளுக்கு,

நீ எழுதியதை ஒரு எழுத்து விடாமல் அம்மாவிடம் சத்தமாகப் படித்துவிட்டேன். முடிக்கும் வரை கேட்டாள். பிறகு, "நா யாரு சொல்றதுக்கு? வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போயி பூக்கட்டிக் கேப்போம். வெள்ள வந்தா வரட்டும். செவப்பு வந்தா நீங்களும் பேசக்கூடாது, அவளும் பேசக்கூடாது" என்றாள்.

நேற்று காலை போனோம். கோயிலில் நான் பூவைத் தொடப் போனதற்கு, "நீங்க கட்டுனா வெளங்கும்" என்று தட்டிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து வெள்ளைக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று என்று அவளே இரண்டு பொட்டலமும் கட்டினாள். இரண்டில் ஒன்றை எடுத்துக் கொடுக்கச் சின்னப் பிள்ளைகள் யாரும் இல்லை, பூசாரி வீரபத்திரனே எடுத்தார். அவர் நூலைப் பிரிக்கிற நேரத்தில் எனக்கு சாமி கும்பிடக்கூடத் தோன்றவில்லை. சிவப்பு வந்தால் உனக்கு எப்படி எழுதுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளை வந்தது.

"சரி, வரச் சொல்லுங்க. சாமியே சொன்ன பெறகு நா என்ன செய்ய" என்று, தனக்கு அதில் சம்பந்தமே இல்லாத மாதிரி சொன்னாள். திருநீறு பூசிக்கொண்டு வெளியே போய்விட்டாள். பூசாரியும் விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போனார்.

எடுக்காத பொட்டலம் படியிலேயே கிடந்தது. சும்மா பிரித்துப் பார்த்தேன். அதிலும் வெள்ளைப் பூதான்.

திரும்பக் கட்டி, கோயில் கிணற்றில் போட்டுவிட்டு வந்தேன். அவளுக்கு நான் பார்த்தது தெரியாது. நீயும் ஒருநாளும் அவளிடம் கேட்டுவிடாதே. டிக்கெட் போட்டதும் எந்தத் தேதி என்று எழுது.

அன்புடன்,
அப்பா