மிஸ் ஐசி வாசலில் நிற்கும் ஆண் செடி

அனுப்புநர்:
ஆல்வின் மொக்சம் (ஊரார் வழக்கில் 'ரேடியோ'),
செயலாளர், இயற்கை முறைக் கஞ்சா சாகுபடியாளர் சங்கம்,
லாங் வாக், செயின்ட் எலிசபெத், ஜமைக்கா.

பெறுநர்:
வட்டார வேளாண் அலுவலர் அவர்கள்,
செயின்ட் எலிசபெத்.

பொருள்: உரிமம் பெற்ற எங்கள் திறந்தவெளிக் கஞ்சா வயலுக்குக் கிழக்கே, காற்று வரும் வழியில், திருமதி ஐசில்டா பார்ச்மென்ட் (ஊரார் வழக்கில் 'மிஸ் ஐசி') அவர்களின் வாசலில் நிற்கும் ஆண் செடி – அது பூ விரியும் முன் தங்கள் அனுமதியும் நேரடி வருகையும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நான் எழுதும் மனுக்கள் நீளமாகவும், அடுத்தவர் வீட்டு விஷயம் நிறைந்தும் இருப்பதாகத் தாங்கள் ஒருமுறை குறிப்பிட்டதை மறக்கவில்லை. இம்முறை அடுத்தவர் வீட்டு விஷயம்தான் மனுவே. பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன்.

2. எங்கள் சங்கத்தில் ஆறு குடும்பங்கள். இதே பயிரை முன்பு மலைக்குப் பின்னால், போலீஸ் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் குப்புறப் படுத்துக்கொண்டு வளர்த்தவர்கள். இப்போது உரிமம் வாங்கி, சாலையோரம் பலகை வைத்து வளர்க்கிறோம். காலை வெளிச்சத்தில் வயலுக்கு நிமிர்ந்து நடந்து போவது எங்கள் முதுகுகளுக்கு இன்னும் பழகவில்லை. செம்மண்ணில் கினிப்புல்லை அறுத்து மூடாக்குப் போடுகிறோம். மழை ஏமாற்றினாலும் ஈரம் அடியில் நிற்கிறது. உரம் ஆட்டுப் புழுக்கை. பூச்சிக்கு வேப்பிலைக் கரைசல். கூரை கிடையாது, மின்விளக்கு கிடையாது, ரசாயனம் ஒரு சொட்டு கிடையாது. 'வெயிலும் காற்றும் வளர்த்தது' என்று பலகையில் பெரிதாக எழுதியிருக்கிறோம். அந்த வாசகம் அடியேனின் கைவண்ணம். இன்று எனக்கு எதிரான முதல் சாட்சியும் அதுதான்.

3. கிங்ஸ்டனில் மருந்து தயாரிக்கும் ஒரு கம்பெனி எங்கள் முதல் அறுவடையை முழுவதும் எடுத்துக்கொள்ளச் சம்மதித்துள்ளது. நிபந்தனை ஒன்றே: பூவில் விதை இருக்கக் கூடாது. ஆண் செடியின் மகரந்தம் பட்டுவிட்டால், பெண் செடி பூவை மறந்து விதை பிடிப்பதில் இறங்கிவிடும் என்பது தாங்கள் அறிந்ததே. அப்படி ஆனால் ஆறு குடும்பத்தின் உழைப்பும் திருப்பி அனுப்பப்படும். ஆகவே தினமும் வரிசை வரிசையாகப் பார்த்து, ஆண் என்று தெரிந்த செடியை அன்றே பிடுங்கி, உறுப்பினர் பிரதர் மேஷாக் வளர்க்கும் கிடாவுக்குப் போட்டுவிடுகிறோம். வயலில் இப்போது வேலை செய்யும் எங்களைத் தவிர ஓர் ஆண்கூடக் கிடையாது. எங்களால் ஆபத்தேதும் இல்லை என்று எழுதித்தர என் மனைவி தயாராக இருக்கிறார்.

4. இந்நிலையில்தான் மிஸ் ஐசி வீட்டுச் செடி. சட்டம் வீட்டுக்கு ஐந்து செடி அனுமதிக்கிறது. அவர் ஐந்துதான் வைத்திருந்தார். நான்கு பெண் செடிகள் கொல்லையில். இலையை வெள்ளை ரம்மில் ஊறப்போட்டு முழங்காலுக்குத் தேய்த்துக்கொள்வார். ஐந்தாவதை அவர் நடவில்லை. காலஞ்சென்ற அவர் கணவர் ஹெசக்கையா, மாலையில் வாசற்படியில் உட்கார்ந்து பூவைச் சுத்தம் செய்து, விதைகளை விரலால் சுண்டிவிடும் பழக்கம் உள்ளவர். அவர் இறந்து ஓராண்டு முடியும் சமயத்தில், அவர் நாற்காலி கிடந்த இடத்தில், சிமெண்டு விரிசலில் ஒரு செடி முளைத்தது. இப்போது அது கூரை உயரம். ஆண். மிஸ் ஐசி தினமும் காலையில் அதற்குத் தண்ணீர் ஊற்றி, ஊர்ச் செய்தி சொல்கிறார். அதில் பாதி என்னைப் பற்றியது என்று கேள்வி.

5. நான் முதலில் மரியாதையாகத்தான் போனேன். கேரட் கேக்கும் கையுமாகப் போய் விஷயத்தைச் சொன்னேன். கேக்கை வாங்கி வைத்துக்கொண்டு அவர் சொன்னது:

"உங்க போர்டுல என்ன எழுதியிருக்கு ரேடியோ? படி, கேக்கலாம்."

படித்தேன்.

"வெயிலும் காத்தும் வளக்குதுன்னு ஊருக்கே எழுதிப் போட்டுட்டு, இப்ப காத்து மட்டும் வேணாம்னா எப்படி? வேணும்னா அதுகிட்டயே போய்ச் சொல்லு, இந்தப் பக்கம் வராதேன்னு."

6. அடுத்து, போதகரை அனுப்பினோம். அவர் மாலை முழுக்க அங்கேயே இருந்து, பொரித்த மீனும் மரவள்ளி அடையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து, "அந்தம்மா சொல்றதுலயும் ஞாயம் இருக்குப்பா" என்றார். என்ன நியாயம் என்று கேட்டதற்கு, மீன் பிரமாதம் என்றார். பிறகு செடியைச் சுற்றிப் படுக்கை விரிப்பால் கூடாரம் கட்டிக்கொடுத்தோம். செடியைக் காட்டி, "அவருக்குப் புழுங்கும்" என்று மிஸ் ஐசி ஞாயிற்றுக்கிழமை அவிழ்த்துவிட்டார். விரிப்பு என் வீட்டுடையது. இன்னும் திரும்பி வரவில்லை. இந்த மனுவில் அதைக் கோரவும் இல்லை.

7. இனி வருவது சங்கத்துக்குப் பெருமை தராத பகுதி. பிரதர் மேஷாக்கின் கிடாவுக்கு 'மந்திரி' என்று பெயர். அரசியல் உள்நோக்கம் ஏதும் கிடையாது. கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொண்டு எதற்கும் பதில் சொல்லாது என்பதால் வைத்த பெயர். மிஸ் ஐசி தேவாலயத்தில் இருந்த நேரம் பார்த்து, மந்திரியின் கயிறு அவிழ்ந்துவிட்டது. (கயிறு தானாக அவிழ்ந்தது என்றே பதிவு செய்யும்படி வேண்டுகிறேன்.) பருவம் முழுக்க ஆண் செடிகளையே தின்று வளர்ந்த கிடா, நேராக வாசலுக்குத்தான் போகும் என்பது எங்கள் கணக்கு. தினமும் அதையே தின்ற வாய் அதில் சலித்துப் போயிருக்கும் என்பதை ஆறு குடும்பத்தில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. மந்திரி ஆண் செடியை மோந்து பார்த்துவிட்டு, அதைத் தாண்டிக் கொல்லைக்குப் போய், நான்கு பெண் செடிகளையும் வேர்வரை மேய்ந்து, மேல் உணவாகத் துவரையையும் ஒரு கை பார்த்தது.

8. தேவாலயத் தொப்பியோடு திரும்பி வந்த மிஸ் ஐசி கொல்லையைப் பார்த்தார். கிடாவைப் பார்த்தார். அது பெருந்தன்மையோடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. பிறகு வேலியோரம் குனிந்து எதையோ தேடுவதுபோல் நின்ற என்னைப் பார்த்தார்.

"எதத் தேடுற ரேடியோ?"

"கயிறு, மிஸ் ஐசி."

"உன் கையிலதான இருக்கு."

பிரதர் மேஷாக் மட்டும் முன்னால் வந்து, "தப்புதான் சிஸ்டர்" என்று தலை குனிந்தார். அவர் தலைக்குச் சடாமுடி பாரம் வேறு. குனிந்தால் நிமிர நேரமாகும். அதற்குள் மிஸ் ஐசி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தோம். திட்டவில்லை. அவர் சொன்னதைச் சொன்னபடியே தருகிறேன். செய்திகளைக் கொஞ்சம் ஊதித் தருவது என் வழக்கம் என்றாலும், இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை:

"ஊரெல்லாம் விதைச்சாரு அவரு. சாவுக்கு ஏழு பேரு வந்து வரிசையா நின்னாங்க, ஏழும் அவரு மூக்கு. ஏழுக்கும் நான்தான் சோறு போட்டு அனுப்புனேன். என் வாசல்ல ஒண்ணும் முளைக்கல. இப்பதான் முதல் தடவையா ஒண்ணு வந்து நிக்குது. இதையும் புடுங்கிடலாம்ங்கிறீங்களா?"

9. அம்மையீர், அந்த ஏழு பிள்ளைகளைப் பற்றி இந்த ஊரில் அதிகம் பேசியவன் நான். எந்தப் பிள்ளை எந்த ஊர், தாய் யார், மூக்கு எவ்வளவு பொருத்தம் என்று பஸ் நிறுத்தத்தில் விவரமாகச் சொல்லக்கூடியவன். எட்டாவதாக ஒரு வாசல் காலியாகக் கிடந்தது மட்டும் என் செய்தியில் வந்ததே இல்லை. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் படுத்தேன். காய்ச்சலோ என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

10. ஆகவே, புகாராகத் தொடங்கிய இம்மனு இந்த இடத்தில் வேறு வழியில் திரும்புகிறது. மறுநாள் நாங்கள் எல்லோரும் போய் மிஸ் ஐசியோடு உட்கார்ந்து பேசினோம். ஆண் செடியை வெட்ட அவர் சம்மதித்துவிட்டார். ஆனால் அதற்கு வாரிசு வேண்டும். வாசலில் நின்றது வெறுமனே போகக் கூடாது. அதன் விதை அவர் கையில் இருக்க வேண்டும். அதை அவரே கொல்லையில் நட வேண்டும். முழங்கால் மருந்துக்கும் வழி பிறந்துவிடும். பிரதர் மேஷாக் இதற்கு ஒரு முறை சொன்னார். ஆண் செடியில் மொட்டு விரியாத கிளை ஒன்றை நறுக்கித் தண்ணீர்ச் சாடியில் வைப்பது. எங்கள் வயலின் நல்ல பெண் செடி ஒன்றைத் தொட்டியில் பெயர்த்து அதன் பக்கத்தில் வைப்பது. மிஸ் ஐசியின் பின்னறையில் இரண்டையும் விட்டுக் கதவைச் சாத்திவிடுவது. மொட்டு விரிந்து மகரந்தம் அறைக்குள்ளேயே உதிரும். காற்றுக்கு அங்கே வேலை கிடையாது. வாசல் செடியை அதற்கு முன்பே வெட்டிவிடலாம்.

"எந்தப் பொண்ணு?" என்று மிஸ் ஐசி கேட்டார். அழைத்துப் போய்க் காட்டினோம். வயல் முழுக்கச் சுற்றினார். ஒன்று மெலிவு என்றார், ஒன்று திமிராக நிற்கிறது என்றார். கடைசியில் கிழக்கு மூலையில் ஒன்றைத் தொட்டுப் பார்த்து, "இவ அடக்கமா இருக்கா" என்றார். எங்கள் வயலிலேயே அதிகம் பூத்தது அதுதான். அதையே தருவதாக ஒப்புக்கொண்டோம்.

11. தடை ஒன்றே ஒன்று. எங்கள் உரிம நிபந்தனைப்படி, வேலிக்குள் வளரும் செடி எதுவும் தங்கள் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் உயிரோடு வெளியே போகக் கூடாது. முன்காலமாயிருந்தால் ஒரு சாக்கில் சுற்றி எடுத்துப் போயிருப்போம். இப்போது நாங்கள் பலகை வைத்தவர்கள். சட்டப்படிதான் பெண் கொடுக்க வேண்டும். எனவே பணிந்து வேண்டுவது:

(அ) கிழக்கு மூலைச் செடி ஒன்றை எங்கள் கணக்கிலிருந்து நீக்கி, திருமதி பார்ச்மென்ட் அவர்களின் வீட்டுக் கணக்கில் சேர்க்க அனுமதி. (மந்திரியின் உபயத்தால் அவருடைய ஐந்தில் இடம் தாராளமாகக் காலி.)

(ஆ) செடி வேலி தாண்டும் போதும், வாசல் செடி வெட்டப்படும் போதும் தாங்கள் நேரில் இருக்க வேண்டும். மிஸ் ஐசி, "அரசாங்கத்துலேந்து ஒரு ஆளு சாட்சிக்கு நிக்கணும், இந்த ரேடியோவ நம்ப முடியாது" என்கிறார். அக்கருத்தில் சங்கமும் ஒருமனதாக உள்ளது.

12. தாமதம் வேண்டாம் என்று மன்றாடுகிறேன். ஆண் செடியின் மொட்டுகள் கொத்துக் கொத்தாகப் பருத்துத் தொங்குகின்றன. இந்த வெயில் இப்படியே அடித்தால் இவ்வாரம் தாண்டாது. விரிந்த பிறகு வரும் அனுமதியால் எங்கள் ஆறு குடும்பத்துக்கும் பயனில்லை. காற்று யாரிடமும் கையெழுத்துக் கேட்பதில்லை. தாங்கள் வரும் நாளில் மதிய உணவு எங்கள் வீட்டில். மீன் மட்டும் மிஸ் ஐசி வீட்டிலிருந்து வரும், போதகர் பரிந்துரை.

13. அங்கே எல்லாம் தயார். அரிவாளை மிஸ் ஐசி தானே தீட்டி வைத்திருக்கிறார். வேறு யாரும் வெட்டக் கூடாதாம்; பெண் வந்து சேரும் முன் தானும் வெட்ட மாட்டாராம். பின்னறையைக் கழுவி, ஜன்னல் இடுக்குகளில் துணி அடைத்து, சாடியில் தண்ணீர் ஊற்றியாயிற்று. நேற்று எட்டிப் பார்த்தேன். அந்த அறை ஜன்னலில் பூப்போட்ட புதுத் திரைச்சீலை தொங்கியது. மூடி வைக்கப் போகிற அறைக்குத் திரைச்சீலை எதற்கு என்று கேட்டேன்.

"கல்யாண வீடுடா அது," என்றார். "போ, போய் அனுமதி வாங்கிட்டு வா."

அதற்காகவே இம்மனு.

பெண் வீட்டார் சார்பில், தங்கள் வருகையை நோக்கிச் சாலையைப் பார்த்து நிற்கும்,

(ஒப்பம்) ஆல்வின் மொக்சம்
செயலாளர்

நாள்: 12.09.2023
இடம்: லாங் வாக்