லுங்கிக்குள் மறைத்த கருப்பட்டி உருண்டை

இன்று மத்தியானம் அடுப்பில் கருப்பட்டிப் பாகு கொதித்தது. அந்த வாசனை கூடம் வரை வந்ததும் எழுந்து அடுப்படிக்கு ஓடினேன். என் மகள் நாளை பெங்களூர் ஆபீஸ் தோழிகளோடு தேன்கனிக்கோட்டைக் காட்டோரம் டென்ட் போட்டுத் தங்கப் போகிறாள். கொறிக்க எடுத்துப்போகட்டும் என்று அவள் அம்மா எள்ளுருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். நீ இருந்திருந்தால் சட்டியையே இறக்கி வைத்திருப்பாய். நண்பா, நீ செத்துப்போய் எட்டு மாதம் ஆகிறது.

ஓசூர் கம்பெனியில் நமக்கு ஒரே ஷிப்ட், ஒரே லைன். நான் கோவில்பட்டிப் பக்கத்து ஆள். யானையைக் கோயில் வாசலில் மட்டும் பார்த்தவன். பதினெட்டு வருஷம் முன்னால் ஒரு லீவு நாளில், அதே காட்டோரம் இருக்கும் உன் அண்ணன் நிலத்தில் டென்ட் போடலாம் என்று நாம் இருவரும் கிளம்பினோமே, பஸ் ஏறுமுன் என் பையைத் துழாவினாய்.

"டேய், வெல்லம், பழம் எதுனா இருந்தா இங்கியே துன்னுட்டு வா, அந்த வாசனைக்கு யானை வந்துரும். பொரியும் பொட்டுக்கடலையும் போதும். வெங்காயம், மொளகாத்தூளு நான் எடுத்தாந்திருக்கறன். அங்க போயி கலந்துக்கலாம்."

"யானை என்ன, பலகாரக் கடைக்கா வருது?" என்று சிரித்தேன்.

நீ சிரிக்கவில்லை. என் வாழைப்பழத்தை எடுத்து பஸ் ஸ்டாண்டு மாட்டுக்குக் கொடுத்தாய். பையின் அடியில் மடித்து வைத்த லுங்கிக்குள் என் அம்மா கொடுத்தனுப்பிய கருப்பட்டி உருண்டைகள் இருந்தன. அவற்றை எடுத்துக் காட்ட எனக்கு மனசு வரவில்லை.

பொழுது சாய்கிற நேரம். டென்ட் வாசலில் உட்கார்ந்து பொரி கலந்துகொண்டிருந்த உன் கை சட்டென்று நின்றது. டென்டின் பின்பக்கத் துணி உள்ளே புடைத்துக் கிழிந்தது. தும்பிக்கை நுழைந்தது. போர்வையை விட்டது, தண்ணீர்க் குடத்தை விட்டது, நேராக என் பையைத் தடவியது. நான் உட்கார்ந்த இடத்திலேயே பேண்ட்டை நனைத்துவிட்டேன். நீதான் காலரைப் பிடித்து இழுத்தாய். "பின்னால பாக்காத, ஓடு!" வரப்பு தாண்டும்போது நீ பள்ளத்தில் விழுந்தாய். முழங்கால் உடைந்தது.

அப்புறம் நீ நேராக நடக்கவே இல்லை. உன்னை லைனிலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். அப்போதும் என்னிடமே வருத்தப்படுவாய். "என் தப்புடா. ராகிக் கதிரு குமிச்ச போர் பக்கத்துல டென்ட் போட உட்டுட்டன். அதுக்குத்தான் வந்திருக்குது." போரை முன்கூட்டியே வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை என்று அண்ணனோடு சண்டை போட்டுப் பேச்சையே நிறுத்திவிட்டாய். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். உண்மை தெரிந்தால் என் முகத்தில் விழிக்க மாட்டாய் என்று பயம். யானையைக் கண்ட பயம் ஒரு வாரத்தில் தெளிந்தது. இந்தப் பயம் பதினெட்டு வருஷமாகத் தெளியவில்லை. உன் சாவுக்கு வந்த அண்ணன் வாசலைத் தாண்டி உள்ளே வராமல் நின்றார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

இன்று மகளிடம் எல்லாவற்றையும் சொல்லி, எள்ளுருண்டையை வாங்கி வைத்துக்கொண்டு பொரி கட்டிக் கொடுத்தேன். உன்னை மாமா என்றே கூப்பிட்டு வளர்ந்தவள் என்னையே பார்த்தாள்.

"மாமாகிட்ட இத சொன்னீங்களாப்பா?"

"இல்லம்மா."

"அவர் அண்ணனாவது இருக்காருல்ல?"

இருக்கிறார். சாயங்காலம் மாடிக்குப் போய் இரண்டு தடவை போன் போட்டு, மணி அடிக்குமுன் வைத்துவிட்டேன். மூன்றாவது தடவை எடுத்துவிட்டார்.

"யாருப்பா பேசறது?" என்றார். அச்சு அசல் உன் குரல்.

நான் பேசாமல் வைத்துவிட்டேன்.