நான்கு மணி வெயிலில் விழுந்த நிழல்

கமராவுக்குப் பின்னால் நின்றே காலம் கழித்த என் அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. வாணி வந்துவிட்டாள். பதினான்கு வருடத்துக்குப் பிறகு உங்கள் மகள் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோது, அத்தான் விறாந்தைக் கதிரையில் நித்திரை. அவள் எழுப்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவராக விழிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணைத் திறந்து, "எப்ப வந்தனீ?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

சண்டை நின்று ஒரு வருடத்துக்கு மேலாகிறது அக்கா. நின்றது நிற்குமா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு வரும் பஸ்ஸில் இப்போது பாதிப் பேர் வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகள்தான். நீங்கள் எங்களை விட்டுப் போன நேரம் வாணியால் வர முடியவில்லை.

வீட்டுக் கதையைப் பேப்பரில் ஏன் எழுதுகிறாய் என்று நீங்கள் கேட்பீர்கள். இந்த ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு தகரப் பெட்டியில் பழைய வீடியோக் கசெற் கிடக்கிறது. அதை வைத்திருப்பவர்களுக்கும் நான் கண்டது உதவட்டும்.

வந்த மறுநாள் வாணி என்னிடம் கேட்டாள், நீங்கள் இருக்கிற கசெற் ஒன்றாவது இங்கே இருக்கிறதா என்று. நீங்கள் அனுப்பிய கசெற்றுகள் எல்லாம் ரொறன்ரோவில் அவளிடம் இருக்கின்றன. என் பிள்ளைகளின் பிறந்தநாள்கள், அத்தானின் அறுபதாவது, பக்கத்து வீட்டுப் பூப்புனித நீராட்டு விழா. ஒன்றிலாவது நீங்கள் இல்லை.

"அம்மாட போட்டோ இருக்கு மாமா," என்றாள். "குரலும் டெலிபோனில கேட்டுக் கேட்டு காதுக்குள்ள நிக்குது. அம்மா நடக்கிறதுதான் எனக்கு மறந்துபோச்சு. எவ்வளவு யோசிச்சாலும் வருகுதில்லை."

அதில் என்னுடைய பிழை ஒன்று இருக்கிறது. அதுவரை வாணிக்கு அது தெரியாது.

அந்தக் கமராவை வாங்கிய நாள் நினைவிருக்கிறதா? வாணி போய் இரண்டாவது வருடம். பேப்பரில் வேலை செய்கிறவனுக்குத் தெரியும் என்று என்னையும் கொழும்புக்குக் கூட்டிப்போனீர்கள். கடைக்காரர் மூன்று வகை எடுத்து வைத்தார். தோளில் வைத்துப் பிடிக்கிற பெரியது. அதன் கசெற்றை அப்படியே வீட்டு வீடியோ டெக்கில் போட்டுப் பார்க்கலாம். அதே முறையில் சின்னது ஒன்று. ஆனால் அரை மணித்தியாலத்தில் கசெற் முடிந்துவிடும். மூன்றாவது, கையடக்கமான எட்டு மில்லிமீற்றர். ஒன்றரை மணித்தியாலம் ஓடும், ஆனால் வயர் போட்டு டெக்கில் பதிந்தால்தான் மற்றவர்கள் பார்க்கலாம். நான் பெரியதைத்தான் சொன்னேன். படம் உறுதியாக நிற்கும் என்று காரணமும் சொன்னேன்.

நீங்கள் அதைத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, கடைக் கண்ணாடியில் உங்களையே ஒரு தரம் பார்த்தீர்கள்.

"இதைத் தோளில வச்சுக்கொண்டு நான் எங்கட ஓர்ஸ் ஹில் ஏறினா, சந்தியில துவக்கோட காவல் நிக்கிற பொடியன் தூரத்திலயிருந்து என்னெண்டு நினைப்பான்?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். எட்டு மில்லிமீற்றரை வாங்கிக்கொண்டு வந்தோம். எந்தச் சஞ்சிகையிலும் கமரா தெரிவுசெய்ய இந்த அளவுகோலை நான் வாசித்ததில்லை. ஆனால் அது சரியான அளவுகோல்.

அப்படியிருந்தும் சந்தியில் ஒருநாள் மறித்தார்கள். நீங்கள் பதறவில்லை. கமராவை இயக்கி அந்தக் கடற்படைப் பொடியனின் கண்ணில் வைத்தீர்கள். உள்ளே என் மகள் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். அவன் தெரிந்த தமிழில், "கேக் இருக்கா?" என்று கேட்டான். பிறகு துறைமுகப் பக்கம் கையைக் காட்டி, அங்கே மட்டும் திருப்ப வேண்டாம் என்றான். அடுத்த பிறந்தநாளுக்கு அவனுக்கு ஒரு துண்டு போனது. துறைமுகத்துக்கு முதுகைக் காட்டி நிற்பது அன்றிலிருந்து உங்கள் சட்டம்.

அதனால்தான் வாணியின் கசெற் ஒன்றிலும் கடல் இல்லை. எங்கள் முற்றத்துக்கு மேற்கே முழுத் துறைமுகமும் விரிந்து கிடக்கிறது. படத்தில் கிணற்றடியும் மதிலும் படலையும்தான். ரொறன்ரோவில் அவளுடைய சிநேகிதி ஒருத்தி, உங்கட ஊர் கடலில்லாத வவுனியாப் பக்கமோ என்று கேட்டாளாம்.

இன்னொன்றும் இருந்தது. அந்த நாட்களில் எந்தக் கொண்டாட்டமும் நான்கு மணிக்கு. இருட்டுவதற்கு முதல் எல்லோரும் வீடு போய்ச் சேர வேண்டும். நான்கு மணிக்கு வெயில் துறைமுகப் பக்கத்திலிருந்து வரும். நீங்கள் துறைமுகத்துக்கு முதுகு காட்டி நிற்பீர்கள். பிறகு என்ன நடக்கும்? உங்கள் நிழல் நீட்டுக்கு முற்றத்தில் விழும். படத்தின் அடிப்பக்கத்தில் ஒரு கறுப்பு உருவம், காதருகில் ஒரு பெட்டியுடன்.

அதை முதலில் கண்டுபிடித்தவன் நான். எங்கள் கந்தோரில் படப்பிடிப்பாளர்களுக்குச் சொல்வதை உங்களுக்கும் சொன்னேன். படம் எடுக்கிறவர் படத்தில் விழக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கமராவை டெக்குடன் பொருத்திவைத்து, இரண்டு பேரும் தொகுப்போம். படம் ஓடும். நிழல் வரும். "இதில வெட்டுங்கோ," என்பேன். நீங்கள் டெக்கை நிறுத்தி, நிழல் போனதும் ஒன்று, இரண்டு என்று எண்ணி விடுவீர்கள். விட்டதும் டெக் ஒரு சொட்டுப் பின்னுக்குப் போய்த்தான் பிடிக்கும்; அந்தக் கணக்கு உங்கள் விரலுக்குத் தெரியும். தபால் கந்தோரில் முப்பது வருடம் முத்திரை குத்திய கை. வெட்டிய கசெற் ரொறன்ரோவுக்குப் போகும். மூலக் கசெற்றில் அடுத்த கொண்டாட்டத்தை எடுப்பீர்கள், புதுக் கசெற் ஊரில் கிடைக்காததால்.

நான் சொல்லிச் சொல்லி, பிறகு பிறகு நீங்கள் மாமரத்து நிழலுக்குள் நின்று எடுக்கப் பழகிவிட்டீர்கள். வெட்ட ஒன்றும் இருக்கவில்லை. நான் பாராட்டினேன். அதுவும் நினைவிருக்கிறது.

வாணி கேட்டபின் தேடினோம். அலுமாரியின் கீழ்த்தட்டில் பிஸ்கற் தகரத்துக்குள் பதினொரு கசெற். ஒவ்வொன்றின் மேலும் உங்கள் எழுத்து. எழுதி, வெட்டி, கீழே எழுதி, அதையும் வெட்டி. வாணி அந்தக் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தாள். எல்லாமே மேலே மேலே பதிந்தவை. இருந்தும் ஒரு தரம் பார்ப்பம் என்றாள்.

பார்க்க வழியில்லை. உங்கள் கமராவுக்குள் உப்புக்காற்று போய், கசெற் போடுகிற வாயே திறக்கவில்லை. வாணி கொண்டுவந்தது உள்ளங்கைக்குள் அடங்குகிற புதியது, படம் கண்ணாடி போல. ஆனால் அதன் கசெற் தீப்பெட்டிக்குச் சற்றுப் பெரியது. எங்களுடையது அதற்குள் போகாது. நகரில் இரண்டு ஸ்ரூடியோவில் கேட்டேன். அவர்களிடம் எட்டு மில்லிமீற்றர் ஓட்ட ஒன்றும் இல்லை. வேறொன்றை ரொறன்ரோவிலிருந்து எடுப்பிக்கிறேன் என்று வாணி சொன்னாள். வேண்டாம் என்றேன். அங்கத்தைய தொலைக்காட்சி முறை வேறு, எங்களுடையது வேறு. அங்கே வாங்கியது எங்கள் கசெற்றைச் சரியாக வாசிக்காது.

விசாரித்ததில் இன்னொரு வகை இருப்பது தெரிந்தது. டிஜிட்டல் எய்ட் என்கிறார்கள். புதிய முறையில் பதியும், ஆனால் பழைய எட்டு மில்லிமீற்றர் கசெற்றே அதற்குள் போகும். சில மாதிரிகள் பழைய படத்தையும் வாசிக்கும், சிலது வாசிக்காது. அதனால் தகரத்திலிருந்து ஒரு கசெற்றைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கொழும்புக் கடைக்காரர் எல்லாம் வாசிக்கும் ஐயா என்றார். போட்டுக் காட்டுங்கோ என்றேன். முதலாவதில் நீலத்திரை. இரண்டாவதில், அந்த இரைச்சலான கடைக்குள், சின்னத் திரையில் அத்தான் கண்ணை மூடிக்கொண்டு கேக் சாப்பிட்டார். எந்தப் படத்திலும் அவருக்குக் கண் மூடித்தானே இருக்கும். அதையே வாங்கினேன். பழைய கசெற் வைத்திருப்பவர்கள் படத்தின் அழகைப் பார்க்க முதல் இதைப் பாருங்கள்: உங்கள் கசெற்றையும் கொண்டுபோய், கண்ணால் கண்டபின் வாங்குங்கள்.

திரும்பி வரும் வழியில் ஒருவரும் பையைத் திறக்கச் சொல்லவில்லை. நான் பழக்கத்தில் சிப்பைத் திறந்தே வைத்திருந்தேன்.

வாணியின் மடிக்கணினியில் ஒரு மெல்லிய வயரைப் பொருத்தினால் படம் அப்படியே உள்ளே போய்விடுகிறது. ஒரே கஷ்டம், ஒரு மணித்தியாலப் படம் ஏற ஒரு மணித்தியாலம் பிடிக்கும். இடமும் நிறைய வேண்டும். இரண்டு கசெற் ஏற்றினால் ஒன்றை இறக்க வேண்டும். நான் கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்தேன். முதல் மூன்று கசெற்றிலும் மாமரத்தடிப் படங்கள். துப்புரவு. ஒரு நிழல் இல்லை. வாணி ஒவ்வொரு கொண்டாட்டம் முடியவும் நிறுத்திவிட்டு அடுத்ததைப் போட்டாள்.

அப்போதுதான் அவளிடம் சொன்னேன். வெட்டச் சொன்னது நான்தான் என்று. அவள் அடுத்த கசெற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "எனக்கு வடிவா வரோணும் எண்டுதானே மாமா சொன்னனீங்கள்," என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாலாவது கசெற்றை ஏற்றவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குக் குசினிக்குப் போனோம். அத்தான் கதிரையை இழுத்துக்கொண்டு கமராவுக்கு முன்னால் இருந்தார். நாங்கள் சோற்றில் கை வைத்த நேரம் அவருடைய குரல் கேட்டது. கத்தவில்லை.

"இஞ்ச வாங்கோ. அவ நடக்கிறா."

கழுவாத கையோடு ஓடினோம்.

என்ன நடந்தது தெரியுமா அக்கா? வர வரக் கொண்டாட்டங்கள் குறுகின. ஆட்கள் குறைந்தார்கள். பழைய நீளப் படத்துக்கு மேல் நீங்கள் புதிய குட்டைப் படத்தைப் பதிந்திருக்கிறீர்கள். புதியது முடிந்து, ஒரு கணம் கோடுகள் ஓடி, பழையதன் வால் அப்படியே தப்பிக் கிடந்தது. நாங்கள் நிறுத்தி நிறுத்தி எடுத்ததில் அதைக் காணவில்லை.

வால் என்றால் கொண்டாட்டத்தின் முடிவு. முடிவென்றால் வெயில் சாய்ந்த நேரம். நிழல் மிக நீளமாக விழும் நேரம். கமராவை நிறுத்தாமலே ஆட்களைப் படலைவரை கூட்டிப்போகிறீர்கள். உங்கள் நிழல் உங்களுக்கு முன்னால் நடக்கிறது. இடது கால், பிறகு அரைச் சொட்டுத் தாமதித்து வலது கால், அதனோடு வலது தோள் கொஞ்சம் சாயும். ஒரு கை மேலே வந்து சேலைத் தலைப்பை இழுத்துச் செருகுகிறது. அத்தான் எங்கேயோ பக்கத்திலிருந்து, "உம்மட நிழல் விழுது," என்கிறார். நீங்கள் சொல்கிறீர்கள், "விழட்டும். தம்பி வந்து வெட்டுவான்."

பிறகு சத்தமாக, "பாலையூற்றுக்குப் போறவை முதல்ல வெளிக்கிடுங்கோ, இருட்டப் போகுது." நிழலின் கை உயர்ந்து, போகிறவர்களுக்கு ஆட்டுகிறது.

வாணி மூன்று தரம் பார்த்தாள். நாலாவது தரம் எழும்பி, விறாந்தையில் அப்படியே நடந்து காட்டினாள். அரைச் சொட்டுத் தாமதம். தோள் சாய்வு. அவளும் இவ்வளவு காலமும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்திருக்கிறாள். அத்தான் மட்டும் ஆச்சரியப்படவில்லை. "படலையால வரேக்கையே கண்டனான்," என்றார். நித்திரை என்று நாங்கள் நினைத்தது நித்திரை இல்லை போல.

பதினொன்றில் நான்கு கசெற்றில் அப்படி வால் இருந்தது. எல்லாம் சேர்த்து ஆறு நிமிடம் இருபது விநாடி. மடிக்கணினியில் பூ விரிகிறது, பக்கம் புரள்கிறது, இதயத்துக்குள் முகம் வருகிறது, எல்லா வித்தையும் உண்டு. வாணி ஒன்றையும் தொடவில்லை. தொடக்கத்தில் இடமும் வருடமும் போடுவோம் என்று நான் சொன்னேன். "சும்மா இருங்கோ மாமா, இது பேப்பர் இல்லை," என்றாள். நான்கு வாலையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தாள். ஒரு வெட்டும் இல்லை.

இப்போது நானும் அவளும் ஒரு பிரதி வைத்திருக்கிறோம். அத்தானுக்கு டெக்கில் போடக்கூடிய கசெற்றாகவும் பதிந்து கொடுத்தாள். பின்னேரத் தேநீருக்குப் பிறகு போட்டுப் பார்க்கிறார். கண்ணைத் திறந்துதான் பார்க்கிறார்.

வாணி போவதற்கு முதல்நாள் நான்கு மணிக்கு முற்றத்தில் நின்று, கமராவை மேற்கே திருப்பித் துறைமுகத்தை எடுத்தாள். ஒருவரும் வரவில்லை, ஒருவரும் கையைக் காட்டவில்லை. வெயில் நேரே விழுந்து படம் வெளிறிப் போயிருந்தது. படமென்று பார்த்தால் நல்ல படமில்லை. இனி அவளுடைய சிநேகிதி வவுனியாவோ என்று கேட்கமாட்டாள். பிறகு கமராவை என் கையில் தந்து, அத்தானோடு போய் நின்றாள். நான் என்னையறியாமல் துறைமுகத்துக்கு முதுகைக் காட்டி நின்றிருக்கிறேன். அடிப்பக்கத்தில் ஒரு கறுப்பு உருவம் நீண்டு வந்து அவர்களுடைய காலைத் தொட்டது. மாமரத்தடிக்கு விலகலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

விலகவில்லை.

அடுத்த வருடம் தன் மகளின் பிறந்தநாளை இங்கே செய்யப்போகிறாளாம், பாதை திறந்திருந்தால். இருட்டைப் பற்றி இப்போது யாருக்கும் பயமில்லை. இருந்தாலும் நான்கு மணிக்கே வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் நின்ற இடத்தில் நின்று நானே எடுப்பேன். ஆட்கள் போகும்போது படலைவரை கமராவை நிறுத்தாமல் நடப்பேன். அதில் ஒரு விநாடியும் வெட்டமாட்டேன் அக்கா.

வெட்டச் சொன்ன
உங்கள் தம்பி