தம்பியின் கார்

செவ்வாய்க்கிழமை, மட்டாஞ்சேரி

எங்கள் சேனலுக்குக் கார் பந்தய ஒளிபரப்பு உரிமை வாங்க எர்ணாகுளத்தில் பேச்சுவார்த்தை. விலை அதிகம் என்றேன். பந்தயக் கம்பெனிக்காரர் சிரித்தபடி லேப்டாப்பைத் திருப்பினார்.

"போன வருஷ விபத்து மேடம். ஜனங்க திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான்."

உருண்டது என் தம்பி அன்வரின் கார். அவன் கால் போன அந்த நொடியை நான் அதுவரை பார்த்ததில்லை.

"இது என் தம்பி சார். விபத்தைத் திரும்பக் காட்டக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல எழுதுங்க."

அவர் தலைகுனிந்தார். என்னோடு வந்திருந்த மேலாளர்தான் சொன்னார்: "அப்போ ஒளிபரப்போட முதல் நாளே தம்பியோட பேட்டி போட்டுடலாம். விபத்துக் காட்சியோட."

நான் கேட்ட வரி இல்லாமலே ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

வீட்டில் அன்வர் காத்திருந்தான். "இத்தா, உரிமை கிடைச்சுதா?"

கிடைத்தது என்று மட்டும் சொன்னேன். கைதட்டினான்.